குடைமிளகாய் ஏன் உறைப்பதில்லை? உயிர்வேதிப் பாதையும் நரம்புப் பாதையும் எளிமையாக

குடைமிளகாயும் நாம் தாளிக்கப் போடும் காய்ந்த மிளகாயும் தாவரவியல் கணக்கில் ஒரே இனம், காப்சிகம் அன்னுவம். ஒன்றை வதக்கிக் கிண்ணம் நிறையச் சாப்பிடலாம், இன்னொன்றில் இரண்டைக் கடித்தாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தக் காரமிளகாயையே கிளி கொத்தித் தின்றால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் கூட்டம் கூட்டமாக வாழும் மயிரற்ற எலி ஒன்று உண்டு, அதன் பாதத்தில் மிளகாயின் காரப்பொருளை ஊசியால் செலுத்தினாலும் அது பாதத்தை நக்கிக்கொள்வது கூட இல்லை. குடைமிளகாய், கிளி, எலி என மூன்றிலும் முடிவு ஒன்றுதான், காரம் இல்லை. ஆனால் காரணம் மூன்றிலும் வேறு வேறு. செடிக்குள் தொடங்கி மூளை வரைக்கும் போகிற ஒரு நீண்ட தொடரின் விளைவுதான் காரம், அந்தத் தொடர் இந்த மூன்றிலும் வெவ்வேறு இடங்களில் அறுந்திருக்கிறது.

உயிரியல் பாடத்தில் பாதை, வழித்தடம் என்றெல்லாம் சொல்வது இந்த மாதிரித் தொடரைத்தான். செல்லுக்குள் ஒரு பொருள் படிப்படியாக இன்னொரு பொருளாக மாறினால் அது உயிர்வேதிப் பாதை. ஒரு செய்தி ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்த நரம்பு செல்லுக்குக் கைமாறிப் போனால் அது நரம்புப் பாதை. இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிப்பதால் பலருக்கும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றிவிடுகிறது. மிளகாயை வைத்துப் பார்த்தால் இரண்டும் எப்படிக் கைகோக்கின்றன என்று தெரியும், அதனால்தான் அதை எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று, ஒரு பாதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, எந்தப் படியை எடுத்துவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்ப்பது ரொம்ப நல்ல வழி. விஞ்ஞானிகளும் பெரும்பாலும் அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

செடிக்குள் நடப்பது

காரத்துக்குக் காரணமான பொருளின் பெயர் காப்சைசின். செடி இதை மண்ணிலிருந்து உறிஞ்சுவதில்லை, தானே செய்துகொள்கிறது. அதற்கு எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள்களும் அபூர்வமானவை இல்லை, ஃபீனைல்அலனின், வேலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள்தான். எல்லா உயிர்களும் புரதம் கட்டப் பயன்படுத்துகிற சரக்கு அது, நாம் சாப்பிடும் பருப்பிலும் முட்டையிலும் கூட இருக்கிறது.

முதலில் ஃபீனைல்அலனின். ஒரு நொதி அதிலுள்ள நைட்ரஜன் பகுதியைக் கழற்றிவிடுகிறது, கிடைப்பது சின்னமிக் அமிலம். அடுத்த நொதி அதில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது, அதற்கடுத்தது இன்னொரு சிறு மாற்றம் செய்கிறது, இப்படிப் பல படிகள் தாண்டி வனிலின் என்ற பொருள் வருகிறது. ஆமாம், ஐஸ்கிரீமில் மணக்கிறதே, அதே வனிலின். அதில் இன்னொரு நொதி ஓர் அமீன் தொகுதியை ஏற்றினால் வனிலைலமீன். இது ஒரு கிளை. மறுபக்கம் வேலின் உடைந்து, பிறகு கார்பன் கார்பனாக நீண்டு, ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியாகிறது. கடைசியாக ஒரு நொதி வனிலைலமீனையும் இந்தச் சங்கிலியையும் சேர்த்து ஒட்டுகிறது. ஒட்டியதும் காப்சைசின் தயார்.

கட்டடம் கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்களே, அதில் ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஆளிடம் வாங்கி அடுத்த ஆளிடம் கொடுப்பதோடு வேலை முடிந்தது, மேலே என்ன சுவர் எழும்புகிறது என்று தெரிய வேண்டியதில்லை. நொதிகளும் அப்படித்தான், ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு கையும் வாங்கியதைக் கொஞ்சம் செதுக்கிவிட்டுத்தான் அடுத்த கைக்குக் கொடுக்கும். ஒவ்வொரு நொதியும் ஒரு புரதம், அதைச் செய்வதற்கான குறிப்பு செடியின் மரபணுவில் இருக்கிறது. அந்தக் குறிப்பு கெட்டுப்போனால் அந்த நொதி வராது, அந்தப் படி நின்றுபோகும்.

இந்த வேலையெல்லாம் விதையில் நடப்பதாகத்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள், காரம் குறைய வேண்டுமென்றால் விதையைத் தட்டிவிடு என்று வீட்டில் சொல்வதும் அதனால்தான். உண்மையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கிற வெளிறிய உள்சதை இருக்கிறதே, அதன் மேல்தோல் செல்களில்தான் காப்சைசின் உருவாகிறது. விதை அதோடு ஒட்டி உரசிக்கொண்டு இருப்பதால் அதன் மேலும் கொஞ்சம் பூசிக்கொள்கிறது. விதையைத் தட்டும்போது அந்த உள்சதையும் சேர்ந்து வந்துவிடுவதால் காரம் குறையத்தான் செய்கிறது, ஆக வீட்டு யோசனை சரி, காரணம்தான் வேறு.

இப்போது குடைமிளகாய்க்கு வருவோம். அதில் ஃபீனைல்அலனினும் இருக்கிறது, வேலினும் இருக்கிறது. இல்லாதது கடைசியில் ஒட்டுகிற அந்த ஒரு நொதி. அதற்கான மரபணுவுக்குப் பன்-1 என்று பெயர். குடைமிளகாயில் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் சுமார் 2,500 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏ காணாமல் போயிருக்கிறது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு படி போனதும் காரம் மொத்தமும் போய்விட்டது. குடைமிளகாயையும் காரமிளகாயையும் கலப்பினச் சேர்க்கை செய்தால் பிறக்கும் செடி காரமாகத்தான் காய்க்கும், ஏனென்றால் ஒரு பெற்றோரிடமிருந்து வருகிற நல்ல பிரதி ஒன்றே அந்த நொதியைச் செய்யப் போதும்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது ஜப்பானில் உருவாக்கப்பட்ட சிஎச்-19 ஸ்வீட் என்ற மிளகாய். அதில் கடைசி நொதி நன்றாகத்தான் இருக்கிறது. பழுதானது அதற்கு முந்தைய படி, வனிலினை வனிலைலமீன் ஆக்குகிற நொதி. அப்படியானால் வனிலின் தேங்கி நின்றுவிடும் என்றுதானே நினைப்போம்? தேங்கவில்லை. அது வனிலைல் ஆல்கஹால் என்ற வேறு பொருளாக மாறுகிறது, அதன்மேல் கொழுப்புச் சங்கிலி ஒட்டிக்கொண்டு காப்சியேட் என்ற பொருள் வருகிறது. பார்ப்பதற்குக் காப்சைசினின் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நாக்கில் ஏறக்குறைய காரமே தெரியாது. பாதையை வெட்டினால் அது எப்போதும் அப்படியே நின்றுவிடுவதில்லை, பக்கத்தில் வழி இருந்தால் அந்தப் பக்கம் ஓடும். பாடப்புத்தகங்களில் அம்புக்குறி போட்டு நேர்கோடாக வரைந்து வைப்பதில் மறைந்துபோகிற விஷயம் இது. நிஜத்தில் செல்லுக்குள் நேர்கோடு என்று ஒன்றைக் காண்பது அரிது, எல்லாமே கிளை பிரிந்து, ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் தொடக்கமாகப் பின்னிக் கிடப்பவை.

வாய்க்குள்

காரம் ஒரு சுவையே இல்லை. அறுசுவைக் கணக்கில் கார்ப்பு என்று ஒன்றை நாம் சேர்த்து வைத்திருந்தாலும், உடலியலில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவற்றை அறிகிற சுவை மொட்டுகளின் வழியாகக் காரம் போவதில்லை. அது போவது வலியும் சூடும் போகிற வழியில். கண்ணில் பட்டாலும், மிளகாய் நறுக்கிய விரலிலும், மறுநாள் காலையில் கழிவறையிலும் எரிவது அதனால்தான், அங்கெல்லாம் சுவை மொட்டு ஏது?

நாக்கிலும் தோலிலும் வலியை அறிகிற நரம்பு நுனிகள் பரவிக் கிடக்கின்றன. அந்த நுனிகளின் சவ்வில் டிஆர்பிவி-1 என்ற புரதம் பதிந்திருக்கிறது. நான்கு துண்டுகள் சேர்ந்து நடுவில் ஒரு துளை விட்டு நிற்கிற அமைப்பு, சாதாரணமாக அந்தத் துளை மூடியே இருக்கும். காப்சைசின் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் செல் சவ்வுக்குள் எளிதாக நுழைந்து, உள்பக்கத்திலிருந்து இந்தப் புரதத்தின் ஓர் இடுக்கில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. பொருந்தியதும் துளை திறக்கிறது, வெளியே நிறைந்திருக்கும் கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன.

இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த விதம் சொல்லத் தகுந்தது. கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக் குழு, உணர்வு நரம்பு செல்களில் இயங்குகிற மரபணுக்களின் டிஎன்ஏ துண்டுகளை லட்சக்கணக்கில் சேகரித்து, காப்சைசினைக் கண்டுகொள்ளாத சாதாரண செல்களுக்குள் கூட்டம் கூட்டமாகப் பிரித்துச் செலுத்தியது. பிறகு காப்சைசினை ஊற்றிப் பார்ப்பது, எந்தச் செல்லில் கால்சியம் ஏறுகிறதோ அதில் போட்ட கூட்டத்தை இன்னும் சிறு கூட்டங்களாகப் பிரித்து மறுபடியும் பார்ப்பது, இப்படிச் சலித்துச் சலித்து ஒரே ஒரு மரபணு கையில் நின்றது. 1997இல் வெளியிட்டார்கள். அப்புறம்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது, மிளகாயே இல்லாமல் வெறும் சூட்டுக்கும் இந்தப் புரதம் திறக்கிறது, சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால். தோல் சுட்டு வலிக்கத் தொடங்குகிற வெப்பம் அதுதான். தொடுவுணர்வில் வேலை செய்த ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்த்து ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, இந்தப் புரதம் நம் உடம்பில் இருப்பது மிளகாய்க்காக இல்லை, சுடுகிற பொருளிலிருந்து நம்மைக் காப்பாற்றத்தான். போர்த்துக்கீசியர் கொண்டுவந்து சேர்க்கும் வரை, அதாவது 16ஆம் நூற்றாண்டு வரை, இந்தியாவில் மிளகாயே கிடையாது. ஆனால் அதற்கு முன்னாலேயே இந்தப் புரதத்தை நாம் தினமும் சீண்டிக்கொண்டுதான் இருந்தோம், மிளகிலுள்ள பைப்பரினும் இஞ்சியிலுள்ள ஜிஞ்சராலும் இதையேதான் திறக்கின்றன, காப்சைசின் அளவுக்கு வேகமாக இல்லையென்றாலும். சூடு வந்தால் திறக்க வேண்டியதை இந்தப் பொருள்கள் சூடே இல்லாமல் திறந்துவிடுகின்றன, மூளைக்குப் போகிற செய்தி ஒன்றுதான் என்பதால் வாய் எரிகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. கொதிக்கக் கொதிக்க ரசம் குடிக்கும்போது காரம் கூடுதலாகத் தெரிவதும் இதனால்தான், சூடும் காப்சைசினும் ஒரே புரதத்தை இரண்டு பக்கமிருந்தும் தள்ளுகின்றன. புதினா சாப்பிட்டால் குளிர்ச்சியாக இருப்பதற்கும் இப்படியொரு கதை உண்டு, அங்கே குளிரை அறிகிற டிஆர்பிஎம்-8 என்ற வேறு புரதம், அதைத் திறப்பது மெந்தால்.

கிளிக்கு வருவோம். பறவைகளுக்கும் டிஆர்பிவி-1 இருக்கிறது, சூட்டை நன்றாகவே உணர்கின்றன. ஆனால் காப்சைசின் பொருந்துகிற இடுக்கில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் அது அங்கே ஒட்டுவதில்லை. கோழியின் புரதத்தை வைத்து 2002இல் இதைக் காட்டினார்கள். செடிக்கு இது சௌகரியம். எலி மாதிரியான பாலூட்டிகள் விதையைக் கடித்து நொறுக்கிவிடும், பறவை முழுசாக விழுங்கி வேறெங்கோ போய் எச்சத்தில் போட்டுவிடும். விதையைக் கெடுப்பவர்களை மட்டும் விரட்டிவிட்டு, பரப்புகிறவர்களைச் சும்மா விடுகிற பொருளாகக் காப்சைசின் அமைந்துவிட்டது. எலிகள் விரண்டோடுகிற அதே பொருளைத் தேடித் தேடித் தின்கிற பாலூட்டி இனமாக நாம் ஆனது செடியின் கணக்கில் இல்லாத ஒன்று, ஆனால் அதனால் அதற்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, அமெரிக்கக் கண்டத்துச் செடி இன்று ராமநாதபுரத்திலும் குண்டூரிலும் வயல் வயலாக நிற்கிறது.

நரம்பில் ஏறி

துளை வழியாக அயனிகள் உள்ளே பாய்ந்தன என்று சொன்னேன். நரம்பு செல்லின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சில பத்து மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். நேர்மின் அயனிகள் உள்ளே வர வர அந்த வேறுபாடு குறைகிறது, ஓர் அளவுக்கு மேல் குறைந்ததும் பக்கத்திலிருக்கும் சோடியம் வாயில்கள் படாரெனத் திறக்கின்றன, அதனால் இன்னும் சோடியம் உள்ளே வருகிறது, அதனால் அதற்குப் பக்கத்து வாயில்கள் திறக்கின்றன, இப்படியே அந்த மின்துடிப்பு நரம்பிழை நெடுக ஓடுகிறது. கம்பியில் மின்சாரம் போவது மாதிரி இது ஒரே பாய்ச்சலில் போவதில்லை, ஒவ்வொரு இடத்திலும் புதிதாக மூட்டப்பட்டுப் போகிறது, அதனால்தான் வழியில் தேய்ந்துபோவதில்லை. காரம் கூடினால் ஒரு துடிப்பு பெரிதாவதும் இல்லை, அதே அளவுத் துடிப்புகள் நொடிக்கு அதிக எண்ணிக்கையில் போகின்றன.

இந்தச் சோடியம் வாயில்களில் ஒன்று இல்லாமலே போனால்? வடக்குப் பாகிஸ்தானில் உறவுக்குள்ளேயே திருமணம் செய்துகொண்ட மூன்று குடும்பங்களில் பிறவியிலிருந்தே வலி என்றால் என்னவென்று அறியாத பிள்ளைகள் இருந்தார்கள். முதலில் ஆய்வாளர்கள் கேள்விப்பட்டது தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவனைப் பற்றி, கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், நெருப்புக் கங்கில் நடப்பான். அந்தக் குடும்பங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு, வலி நரம்புகளில் இருக்கிற நாவ்-1.7 என்ற சோடியம் வாயிலின் மரபணு இவர்களிடம் செயல்படவில்லை என்பது. தொட்டால் தெரிகிறது, சூடு குளிர் தெரிகிறது, வலி மட்டும் இல்லை. கேட்க வரம் மாதிரி இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு உதடும் நாக்கும் கடிபட்டுக் கிடந்தன, எலும்பு முறிந்ததே தெரியாமல் நடந்தவர்களும் உண்டு.

வலியைத் தூக்கிப்போகிற நரம்பிழைகள் இரண்டு வகை. ஒன்று மெல்லிய உறை போட்டது, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். இன்னொன்று உறையே இல்லாதது, நொடிக்கு ஒரு மீட்டர், அதிகம் போனால் இரண்டு. கால் விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒன்று வந்து, கொஞ்சம் கழித்து நின்று நிதானமாக இன்னொரு வலி வருமே, அந்த இரண்டாவது இந்த மெதுவான இழைகளில் வருவது. மிளகாய் எரிச்சல் பெரும்பாலும் இந்த மெதுவான இழைகளில்தான் போகிறது. ஆனால் மிளகாயைக் கடித்துச் சில நொடிகள் கழித்துக் காரம் ஏறுவதற்கு நரம்பின் மெத்தனம் காரணம் இல்லை, நாக்கிலிருந்து மூளைத்தண்டு வரை சில அங்குலம்தான், மெதுவான இழைக்கே அது நொடியில் ஒரு சிறு பங்கு. நேரம் எடுப்பது காப்சைசின்தான், நாக்கின் மேல் அடுக்குகளைக் கடந்து நரம்பு நுனிவரை ஊறி இறங்க வேண்டுமே.

சரி, துடிப்பு எங்கே போகிறது? நாக்கு, உதடு, கன்னம் எல்லாவற்றிலிருந்தும் முக்கிளை நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கு. அங்கே முதல் நரம்பு செல் முடிகிறது. அதன் முனைக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே ஒரு நுண்ணிய இடைவெளி, அதை மின்துடிப்பு தாண்டாது. எனவே முனையிலிருந்து குளுட்டமேட், சப்ஸ்டன்ஸ்-பி போன்ற வேதிப்பொருள்கள் கொட்டப்படுகின்றன, அடுத்த செல்லின் ஏற்பிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மின்துடிப்பைக் கிளப்புகின்றன. மின்சாரம், பிறகு வேதியியல், பிறகு மின்சாரம் என்று மாறி மாறித்தான் எந்த நரம்புப் பாதையும் ஓடுகிறது. இரண்டாவது செல் மறுபக்கத்துக்குக் குறுக்கே கடந்து மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸ் என்ற பகுதிக்குப் போகிறது, அங்கிருந்து மூன்றாவது செல் மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணிக்கு. புறணியிலும் ஒரே இடத்துக்கு இல்லை. எங்கே எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்பதைக் கணிக்கிற பகுதி ஒன்று, ஐயோ போதும் என்கிற வேதனையைச் சேர்க்கிற பகுதிகள் வேறு.

மயிரற்ற எலியின் கதை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதன் தோல் நரம்புகளில் டிஆர்பிவி-1 இருக்கிறது, காப்சைசினுக்குத் திறக்கவும் செய்கிறது, மின்துடிப்பும் கிளம்புகிறது. ஆனால் தோலுக்குப் போகிற மெதுவான இழைகளில் சப்ஸ்டன்ஸ்-பி இல்லை. 2008இல் வந்த ஓர் ஆய்வில், அந்தப் பொருளுக்கான மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றி எலியின் பாதத்து நரம்புகளுக்குள் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாதத்தில் காப்சைசின் உறைத்தது, மற்றப் பாதத்தில் உறைக்கவில்லை. ஒரு படியைத் திருப்பி வைத்ததும் பாதை ஓடத் தொடங்கியதைக் காட்டும் சோதனைகளில் இவ்வளவு தெளிவானதை நான் அதிகம் பார்த்ததில்லை. அதே எலிக்கு அமிலம் பட்டாலும் வலிப்பதில்லை, சப்ஸ்டன்ஸ்-பி வந்த பிறகும் அது மட்டும் மாறவில்லை, அதன் காரணம் வேறு படியில் இருக்கிறது.

மூளைத்தண்டிலேயே கிளைகள் பிரிந்து கண்ணீர்ச் சுரப்பிக்கும், மூக்குக்கும், உமிழ்நீருக்கும் ஆணை போய்விடுகிறது, காரசாரமாகச் சாப்பிடும்போது மூக்கு ஒழுகுவது இப்படித்தான். நெற்றி வியர்ப்பது உடம்பு சூடாகிவிட்டது என்ற செய்தியை நம்பி உடம்பு குளிர்விக்கப் பார்ப்பதால். இன்னொரு திருப்பமும் உண்டு. தூண்டப்பட்ட நரம்பு நுனியே, தான் இருக்கும் இடத்திலேயே, சப்ஸ்டன்ஸ்-பியையும் சிஜிஆர்பி என்ற இன்னொரு பொருளையும் வெளியே கசியவிடுகிறது. அவை பக்கத்து ரத்தக்குழாய்களை விரியச் செய்வதால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. நாக்கிலிருந்து மூளைக்குப் போகிற ஒருவழிப் பாதை என்று நினைத்தது, கிளம்பிய இடத்திலேயே திரும்பியும் வேலை செய்கிறது.

நுனிக்குள் இன்னொரு பாதை

வாய்ப்புண் இருக்கும்போது சாதாரண சாம்பார்கூட எரியும். சாம்பாரில் காரம் கூடவில்லை, நரம்பு நுனி மாறியிருக்கிறது. அடிபட்ட செல்களின் சவ்வுக் கொழுப்பிலிருந்து அராகிடோனிக் அமிலம் பிரிகிறது, காக்ஸ் என்ற நொதி அதை மாற்றத் தொடங்கி, இன்னும் ஒரு படி கடந்து புரோஸ்டாகிளாண்டின் ஆகிறது. இதுவும் மிளகாய்ச் செடிக்குள் பார்த்த மாதிரியான உயிர்வேதிப் பாதைதான். அந்தப் புரோஸ்டாகிளாண்டின் நரம்பு நுனியிலுள்ள தன் ஏற்பியில் ஒட்டுகிறது, உள்ளே ஒரு நொதி விழிக்கிறது, அது டிஆர்பிவி-1மேல் பாஸ்பேட் தொகுதியைப் பதிக்கிறது. பாஸ்பேட் ஏறிய டிஆர்பிவி-1 திறப்பதற்கு 43 டிகிரி தேவையில்லை, அதைவிடக் குறைந்த சூடே போதும். வெயிலில் வெந்த தோளில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே சுடுவது இதனால்தான்.

ஆஸ்பிரின் வெட்டுவது அந்தக் காக்ஸ் படியை, இதை 1971இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டினார், 1982இல் நோபல் பரிசு வாங்கினார். ஆஸ்பிரின் நரம்பை மரக்க வைப்பதில்லை, நரம்பை முறுக்கேற்றுகிற பொருள் உண்டாவதைத்தான் குறைக்கிறது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை வாய்ப்புண்மேல் வைத்துவிடாதீர்கள், அது அமிலம், இருக்கிற புண்ணை இன்னும் வேகவைத்துவிடும்.

உறைத்துவிட்டால் தண்ணீர் குடிப்பதில் பெரிய பலன் இல்லாததற்குக் காரணம் மேலேயே வந்துவிட்டது, காப்சைசின் கொழுப்பில் கரைவது, தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பத்தான் உதவும். பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது, அதனால் அவை வேலை செய்கின்றன. மிளகாய் நறுக்கிய கை எரிந்தால் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம்.

விடாமல் காரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் நேர்மாறாக ஒன்று நடக்கிறது. உள்ளே பாய்ந்த கால்சியமே பாஸ்பேட்டைக் கழற்றுகிற நொதியை எழுப்பி டிஆர்பிவி-1ஐ மந்தமாக்குகிறது. இன்னும் அதிகமானால் நரம்பு நுனியே செயலிழந்து பின்வாங்கிவிடும், பல வாரம் கழித்துத்தான் திரும்ப வளரும். ஹங்கேரியில் மருந்தியலாளர் மிக்லோஷ் யான்சோ 1940களிலேயே விலங்குகளில் இந்த மரத்துப்போதலைப் பார்த்துவிட்டார். இன்று அக்கி வந்து போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கிற நரம்பு வலிக்கு 8 சதவீதக் காப்சைசின் ஒட்டு மருத்துவமனையில் வைத்துப் போடப்படுகிறது, ஒரு மணி நேரம் ஒட்டி எடுத்தால் சிலருக்கு மூன்று மாதம் வரை வலி குறைந்திருக்கும். மொராக்கோவில் வளரும் ஒரு கள்ளி இனத்தின் பாலில் காப்சைசினைவிடப் பல மடங்கு வீரியமான ரெசினிஃபெராடாக்சின் இருக்கிறது, அதையும் இதே நோக்கத்துக்காக ஆராய்கிறார்கள்.

இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் டிஆர்பிவி-1ஐயே ஒரு மருந்தால் அடைத்துவிட்டால் வலி நின்றுவிடுமே என்று யாருக்கும் தோன்றும். மருந்து நிறுவனங்களுக்கும் தோன்றியது, 2000களில் பல மருந்துகள் மனிதர்களில் சோதிக்கப்பட்டன. வலிக்கு முன்னால் வேறொன்று நடந்தது, சிலருக்கு உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. வேறு சில சோதனைகளில் சுடுநீர் சுடுவதே சரியாகத் தெரியாமல் போனதால் கொப்புளம் வந்துவிடும் அபாயம் இருந்தது. காரம் சாப்பிட்டால் வியர்க்கிறது என்றேனே, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பாதைக்கும் இதே புரதம் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது, அந்தச் செய்தி நின்றதும் உடம்பு தன்னைக் குளிர்ந்துவிட்டதாகக் கணக்கிட்டுச் சூட்டைக் கூட்டிக்கொண்டது. அதனால் இப்போது பார்வை அடுத்த படிக்குப் போயிருக்கிறது, பாகிஸ்தான் குடும்பங்களில் பார்த்த மாதிரியான சோடியம் வாயில்களுக்கு. அவற்றில் நாவ்-1.8 என்பது உடம்பின் புற நரம்புகளில், அதிலும் பெரும்பாலும் வலி நரம்புகளில் மட்டும் இருக்கிறது, மூளையிலோ இதயத் தசையிலோ பெரிய வேலை இல்லாதது. அதை மட்டும் அடைக்கிற சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, பெரியவர்களுக்கு அறுவைசிகிச்சைக்குப் பின் வருவது போன்ற குறுகிய கால வலிக்கு.